டுவார்ஃப் ஃபோர்ட்ரஸில் வேண்டாத மரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற கணினி ஆட்டத்தில் குள்ளர்களை வைத்துக் கோட்டை கட்டுகிறவர்கள் முதல் ஆண்டில் கட்டிலுக்கு மரம் போதவில்லை என்று தவிக்கிறார்கள். நான்காம் ஆண்டில் அதே கோட்டையில் மரத் தொல்லை தாங்க முடியவில்லை என்கிறார்கள். வண்டி வரும் வழியில் மரம், மதிலை ஒட்டி மரம், நிலத்தடித் தாழ்வாரத்தில் காளான் மரம். மரத்தை வெட்டத் தெரியாததால் இந்தத் தொல்லை வருவதில்லை. எந்தத் தரையைத் திறந்து விட்டிருக்கிறோம் என்று பார்க்காமல் விடுவதால்தான் வருகிறது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை தரையைப் பற்றிப் பேசுவது அதனால்தான்.

மரம் எப்போதிலிருந்து இவ்வளவு பெரிய விவகாரம் ஆனது?

டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்கள் பே 12 கேம்ஸ் என்ற பெயரில் உருவாக்கிய இந்த ஆட்டம் 2006 ஆகஸ்டில் வெளிவந்தது. அப்போது மரம் என்பது வரைபடத்தில் ஒரே ஒரு கட்டம். வெட்டினால் ஒரு கட்டை கிடைக்கும், அத்துடன் கதை முடிந்தது. 2014 ஜூலையில் வந்த 0.40.01 பதிப்பு இதைத் தலைகீழாக மாற்றியது. மரங்களுக்கு அடிமரம், கிளை, இலை, வேர் எல்லாம் வந்தன. ஒரு மரம் பல கட்டங்களில் பரவி, பல மட்டங்களுக்கு உயர்ந்து நின்றது. உயிரினங்கள் ஏறவும் தாவவும் கற்றுக்கொண்டதும் அதே பதிப்பில்தான். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். உயரமான மரம் ஒரு பக்கம், ஏறத் தெரிந்த எதிரி ஒரு பக்கம். கோட்டை கட்டுகிறவர்களின் கவலை அன்றே தொடங்கிவிட்டது.

2022 டிசம்பர் 6 அன்று கிட்ஃபாக்ஸ் கேம்ஸ் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வெளியிட்ட பதிப்பில் எழுத்துக்குறிகளுக்குப் பதில் படங்கள் வந்தன. மரங்கள் கண்ணுக்கு அழகாயின. ஆனால் அவை வளரும் விதி மாறவில்லை. இங்கே சொல்பவை ஸ்டீம் பதிப்புக்கும் இலவசமாகக் கிடைக்கும் பழைய தோற்றப் பதிப்புக்கும் பொதுவானவை.

போன வருடம்தான் அந்த இடத்தைச் சுத்தமாக வெட்டினேன். மறுபடி மரம் நிற்கிறதே, ஏன்?

வெட்டிய இடத்தில் மிஞ்சுவது மண் தரை. இந்த ஆட்டத்தில் மரத்தை வெட்டினால் அடிக்கட்டை கூட நிற்பதில்லை, கட்டம் வெறுமையாகிவிடும். அந்த வெறும் மண்ணில் புல் வரும், புதர் வரும், கன்றும் வரும். யாரும் நட வேண்டியதில்லை.

கன்று மரமாக மூன்று ஆண்டு ஆகும். ஆட்டத்தின் ஆண்டுக்கு 12 மாதங்கள், மாதத்துக்கு 28 நாட்கள், ஆக 336 நாட்கள். மூன்று ஆண்டு என்பது விளையாடுகிறவருக்கு நீண்ட காலம். அதற்குள் கோட்டையில் பல முறை குடியேறிகள் வந்திருப்பார்கள், ஒரு முற்றுகை நடந்திருக்கும், சுரங்கம் ஆழமாகப் போயிருக்கும். மேலே தரையில் முளைத்த கன்றை யாரும் கவனிப்பதில்லை. திடீரென்று ஒரு நாள் அது மரம். உங்களுக்கு அது போன வருடம் வெட்டிய இடமாகத் தோன்றலாம். மரமாகி நிற்பதோ வெட்டுவதற்கு முன்பே பக்கத்துக் கட்டத்தில் முளைத்திருந்த கன்றாக இருக்கும். மரம் வெட்டும் உத்தரவு கன்றைத் தொடாது.

கன்றாக இருக்கும்போதே பிடுங்க வழி இல்லையா?

நேரடி உத்தரவு இல்லை. செடி சேகரிக்கும் உத்தரவு புதர்களுக்கானது, கன்றுக்குப் பொருந்தாது. ஆனால் மூன்று மறைமுக வழிகள் உண்டு.

முதலாவது, மிதிபடுவது. ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடத்தில் கன்றுகள் மிதிபட்டுச் சாகும். கோட்டை வாசலுக்கு நேர் முன்னால் மரம் அபூர்வமாகவே வளர்வது இதனால்தான். ஆனால் இதை நம்பித் திட்டம் போடக் கூடாது. குள்ளர்கள் நடக்கும் ஒற்றைத் தடத்தில் மட்டும் கன்று சாகும், இரண்டு கட்டம் தள்ளி இருப்பது தப்பிவிடும்.

இரண்டாவது, கன்று நிற்கும் கட்டத்தின் மேலேயே ஏதாவது கட்டிவிடுவது. தரை பாவலாம், சாலை போடலாம், வயல் அமைக்கலாம். கன்று தடையாக இருக்காது, கட்டி முடித்ததும் காணாமல் போய்விடும். மூன்றாவது, அந்தக் கட்டத்தை மேலிருந்து தோண்டிப் பள்ளமாக்குவது. மண் போனால் கன்றும் போகும்.

அப்படியானால் நிரந்தரத் தீர்வு தரை பாவுவதுதானா?

ஆம். மண்ணை மூடுவதைத் தவிர நிலையான வழி கிடையாது. எதை வைத்து மூடுவது என்பதில் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம்.

கட்டுமானத் தரைக்கு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கல் வேண்டும். முழுப் பாறையை அப்படியே போட்டால் வீண். கல் வேலைப் பட்டறையில் ஒரு பாறையைச் செதுக்கினால் நான்கு கற்கட்டிகள் கிடைக்கும். அவற்றை வைத்துப் பாவினால் ஒரே பாறை நான்கு கட்டங்களை மூடும். தூக்கிக்கொண்டு போவதும் எளிது. சுரங்கம் வெட்டும்போது குவியும் உதவாத பாறைக்கு இதைவிட நல்ல பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கல் பாவிய சாலைக்கு இன்னும் குறைவான கல் போதும். ஆனால் சாலையை ஆட்டம் ஒரு கட்டடமாகவே கருதுகிறது. அதன் மேல் வேறு பட்டறையோ தளவாடமோ வைக்க முடியாது. முற்றத்துக்குள் பின்னால் ஏதாவது அமைக்கும் எண்ணம் இருந்தால் தரை போடுங்கள். வண்டிப் பாதைக்கும் மதிலின் வெளிப்புறப் பட்டைக்கும் சாலை போதும்.

மண் அடுக்கு மெல்லியதாக உள்ள இடத்தில் இன்னொரு வழியும் உண்டு. மேல் அடுக்கை முழுவதும் தோண்டி எடுத்துப் பாறைத் தரையை வெளியே கொண்டுவந்துவிடலாம். சேறு படியாத பாறையில் எதுவும் முளைக்காது. வேலை அதிகம், ஆனால் ஒரே ஒரு முறை செய்யும் வேலை.

மதிலுக்கு வெளியே எவ்வளவு தூரம் மரங்களை அகற்ற வேண்டும்?

இந்தக் கேள்வியை மதில் கட்டும் முன்பே கேட்பவர் புத்திசாலி.

மதிலிலிருந்து மூன்று கட்டம் தள்ளி ஒரு ஓக் மரம் நிற்கிறது என்று வையுங்கள். தரை மட்டத்தில் பார்த்தால் மரத்துக்கும் மதிலுக்கும் நடுவே நல்ல இடைவெளி. ஒரு மட்டம் மேலே போய்ப் பாருங்கள், கிளை இரண்டு கட்டம் நீண்டிருக்கும். இன்னொரு மட்டம் மேலே போனால் இலைப்பரப்பு மதிலின் தலைக்கு மேல் வந்து நிற்கும். கீழே வாசலில் தூக்குப்பாலம் தூக்கியாயிற்று, வழி அடைத்தாயிற்று என்று நீங்கள் நிம்மதியாக இருக்கிறீர்கள். எதிரி இனமான காப்ளின்களில் ஒருவன் அடிமரத்தைப் பற்றி ஏறி, கிளையில் நடந்து, மதில் மேல் இறங்கி, உள்படிக்கட்டு வழியாகக் கீழே வந்துகொண்டிருப்பான். தரை மட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு அவன் எப்படி வந்தான் என்றே புரியாது.

அதனால் தூரத்தை அடிமரத்திலிருந்து அளக்காதீர்கள், கிளை நுனியிலிருந்து அளங்கள். மதிலைச் சுற்றிப் பத்துக் கட்டம் வெறுமையாக வைப்பது என் வழக்கம். இது ஆட்டத்தின் விதி அல்ல, என் கணிப்பு. மதிலை ஒட்டிய முதல் இரண்டு மூன்று கட்டங்களைக் கல் பாவிவிடுங்கள். மீதியை ஆண்டுக்கு ஒரு முறை வெட்டினால் போதும். மதிலின் உச்சியில் ஒரு கட்டம் வெளியே நீட்டிக்கொண்டு தரை போட்டால், சுவரைப் பற்றி ஏறுகிறவர்களையும் அது தடுக்கும். ஆனால் மரத்திலிருந்து வருகிறவனுக்கு அந்த நீட்டம் இறங்க வசதியான திண்ணையாகிவிடும். முதலில் மரத்தை அகற்றுங்கள், பிறகு நீட்டம்.

மரங்களையே காவற்காடாக விட்டுவைத்தால் எதிரிக்குத் தடையாக இருக்காதா?

கேட்க நன்றாக இருக்கிறது. இந்த ஆட்டத்தில் பலிக்காது. காலாட்களாக வரும் காப்ளின்கள் மரங்களுக்கு நடுவே எந்தச் சிரமமும் இல்லாமல் நடந்து வருவார்கள். அடிமரம் அம்பைத் தடுக்கும், அதுவும் உங்கள் வில்லாளிகளின் அம்பைத்தான். மதிலின் அம்புத்துளைகளில் நிற்கும் வீரர்களுக்கு எதிரி தூரத்திலேயே தெரிய வேண்டும். காடு அடர்ந்திருந்தால் அவன் வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிவான். எறிபொறி வைத்திருப்பவர்களுக்கும் இதே சிக்கல்.

காடு தடுப்பது உங்களுக்கு வேண்டிய ஒன்றைத்தான். அது வணிகர்களின் வண்டி.

வண்டிகள் வரவில்லை என்று அறிவிப்பு வருகிறது. மரம்தான் காரணமா?

பெரும்பாலும் ஆம். வணிகர்களின் வண்டிகள் உங்கள் இடத்தை அணுக முடியாமல் கடந்து போய்விட்டன என்று செய்தி வந்தால், வரைபடத்தின் விளிம்பிலிருந்து டிரேட் டிப்போ என்ற வணிகக் கூடம் வரை மூன்று கட்ட அகலத்தில் தொடர்ச்சியான பாதை இல்லை என்று பொருள். ஒற்றை மரம் நடுவில் நின்றாலும் வண்டி திரும்பிவிடும். தரையில் கிடக்கும் பெரிய கற்பாறையும் இதே வேலையைச் செய்யும். கன்று தடுக்காது. அதனால்தான் முதல் மூன்று ஆண்டு வந்துகொண்டிருந்த வண்டி திடீரென்று நின்றுபோகிறது. நேற்று வரை கன்றாக இருந்தது இன்று மரமாகிவிட்டது.

மரங்களைப் போற்றும் இனமான எல்ஃப்கள் வண்டி கொண்டுவருவதில்லை, பொதி சுமக்கும் விலங்குகளோடு மட்டும் வருவார்கள். எனவே வசந்தத்தில் எல்ஃப்கள் வந்து போனதைப் பார்த்து வழி சரியாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். குள்ளர்களும் மனிதர்களும்தான் வண்டியோடு வருபவர்கள். வழி அடைபட்டால் அவர்களும் பொதி விலங்குகளோடு மட்டும் வருவார்கள், சரக்கு வெகுவாகக் குறைந்துவிடும்.

தீர்வு எளியது. டிப்போவிலிருந்து விளிம்பை நோக்கி மூன்று கட்ட அகலத்துக்குக் கல் சாலை போடுங்கள். சாலையின் இரு பக்கமும் உள்ள மரங்களைப் பற்றிக் கவலை வேண்டாம், கிளை தலைக்கு மேலே போவது வண்டியைத் தடுக்காது. வண்டி எந்த விளிம்பிலிருந்து வரும் என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது. ஒரு பக்கத்துக்காவது நிச்சயமான பாதை இருந்தால் போதும்.

அகழி வெட்டிய பிறகும் மரம் தொல்லை தருமா?

தரும், இரண்டு விதமாக. கரையோர மரத்தின் கிளைகள் அகழியைத் தாண்டி நீண்டு பாலமாகிவிடும். இதை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். எதிர்பார்க்காதது அடுத்தது. வறண்ட அகழியின் அடித்தளம் மண்ணாக இருந்தால் அங்கேயே கன்று முளைக்கும். மூன்று ஆண்டில் அது அகழியை விட்டு மேலே எழும்பி, இறங்கவும் ஏறவும் ஏணியாக நிற்கும். பாறை மட்டம் வரை ஆழமாகத் தோண்டுங்கள், அல்லது அடித்தளத்தைக் கல் பாவுங்கள். தண்ணீர் விட்டு நிரப்பும் எண்ணம் இருந்தாலும் அதற்கு முன்பே பாவிவிடுவது நல்லது. அகழி வெட்டியவுடன் செய்தால் சின்ன வேலை.

மாடிச் சுவர் கட்டும் இடத்தில் கிளை இருக்கிறது. கிளையை மட்டும் வெட்டலாமா?

முடியாது. மரம் முழுவதும் ஒன்றுதான். அடிமரத்தைத் தரை மட்டத்தில் குறித்து வெட்டினால் கிளை, இலை எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும்.

வெட்டச் சொல்லிக் குறித்தாயிற்று. யாரும் வெட்டவில்லையே?

முதலில் கோடரியைத் தேடுங்கள். பத்தில் எட்டு முறை அங்கேதான் விடை இருக்கும். மரம் வெட்டப் போர்க் கோடரி வேண்டும். அதே கோடரியைத்தான் படைவீரனும் கேட்பான். படைப்பிரிவுக்குக் கோடரி ஒதுக்கியிருந்தால் இருந்த இரண்டையும் வீரர்கள் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். உலோகம் இல்லாத கோட்டையில் தச்சுப் பட்டறையில் மரத்தாலான பயிற்சிக் கோடரி செய்துகொள்ளலாம். நம்பச் சிரமமாக இருந்தாலும் அது மரத்தை வெட்டும். அதே வேகத்தில்தான் வெட்டும், ஏனென்றால் வேகத்தைத் தீர்மானிப்பது வெட்டுகிறவரின் திறமை.

கோடரி இருந்தும் வேலை நடக்கவில்லை என்றால், வெட்டுகிறவர் பர்ரோ எனப்படும் நடமாட்ட எல்லைக்குள் அடைபட்டிருக்கிறாரா என்று பாருங்கள். முற்றுகையின்போது எல்லோரையும் உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு, முற்றுகை முடிந்ததும் அந்த உத்தரவை நீக்க மறப்பது சாதாரணமாக நடக்கிறது. மரத்தை அடைய நடைவழி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அகழிக்கு அந்தப் பக்கம் நிற்கும் மரத்துக்குப் பாலத்தை இறக்காமல் போக முடியாது.

நிலத்தடியில், படுக்கையறை வாசலில், மரம் முளைத்திருக்கிறது. இது எப்படி?

அது காளான் மரம். நிலத்தடிக் குகைகளை நீங்கள் முதன்முதலாக உடைத்துத் திறந்ததும், குகையின் வித்துகள் கோட்டை முழுவதும் பரவிவிட்டதாக ஆட்டம் கொள்கிறது. அதற்குப் பிறகு நிலத்தடியில் எங்கெல்லாம் மண் தரை இருக்கிறதோ, எங்கெல்லாம் பாறை மேல் சேறு படிந்திருக்கிறதோ, அங்கெல்லாம் குகைப்பாசியும் காளான் மரக்கன்றும் முளைக்கத் தொடங்கும். டவர்கேப், ஃபங்கிவுட், ஸ்போர் ட்ரீ, பிளாக்கேப் என்று வகைகள் பல.

தொடக்கத்தில் வேகமாகத் தோண்டலாம் என்பதற்காக நாம் எல்லோரும் மண் அடுக்கில்தான் முதல் அறைகளை வெட்டுகிறோம். குகை திறந்த மூன்று ஆண்டுகளில் அந்த அறைகள் பதில் சொல்லும். ஒற்றைக் கட்டத் தாழ்வாரத்தில் ஒரு டவர்கேப் வளர்ந்தால் வழி முழுவதும் அடைபடும். மருத்துவ அறைக்குப் போகும் தாழ்வாரமாக இருந்தால் காயம்பட்டவர் வெளியே கிடப்பார். மருத்துவர் உள்ளே இருப்பார். கோடரி மூன்றாவது இடத்தில் இருக்கும்.

கிடங்கு எல்லை குறித்திருப்பது தரையை மூடியதாகாது. மண் தரையைப் பாறை போல வழவழப்பாக்கவும் முடியாது. மண் அடுக்குத் தாழ்வாரங்களைக் குகை திறப்பதற்கு முன்பே கற்கட்டி கொண்டு பாவிவிடுங்கள். முதலில் ஒற்றைக் கட்டத் தாழ்வாரங்கள், பிறகு கதவுகளின் இரு பக்கமும், கடைசியாக அறைகள். குடியிருப்பைப் பாறை அடுக்குக்கு மாற்றிக்கொண்டு, மண் அடுக்கை வயலுக்கும் மேய்ச்சலுக்கும் மட்டும் வைப்பது இன்னும் நல்லது. நான் எந்தக் கோட்டையிலும் கடைப்பிடிக்கும் ஏற்பாடு இதுதான். குகைப்பாசி வந்தால் மேயும் ஆடுமாடுகளுக்குத் தீவனமும் அங்கேயே கிடைத்துவிடும்.

குகையைத் திறந்து உடனே அடைத்துவிட்டால்?

பயனில்லை. ஒரு கட்டம் உடைந்து குகை கண்ணில் பட்டாலே போதும், அதன் பிறகு அடைத்தாலும் வித்துகள் வந்தது வந்ததுதான். மிருகங்கள் உள்ளே வராமல் தடுக்க அடைக்கலாம், மரம் வளராமல் தடுக்க முடியாது.

மரத்தின் மேல் ஒரு குள்ளர் மாட்டிக்கொண்டிருக்கிறார். எப்படி இறக்குவது?

மிருகத்துக்குப் பயந்து ஓடும்போது மரத்தில் ஏறுவார்கள், பழம் பறிக்கும்போதும் இப்படி நேரும். பிறகு இறங்க வழி தெரியாமல் தாகத்தில் வாடுவார்கள்.

மரத்தை வெட்டிவிடுவது வேகமான வழி. ஆனால் ஆள் கீழே விழுவார். ஒரு மட்ட உயரம் என்றால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்வார், நான்கைந்து மட்டம் என்றால் எலும்பு முறியலாம், உயிரும் போகலாம். நேரம் இருந்தால் அவர் நிற்கும் கிளைக்குப் பக்கத்துக் கட்டத்தில் தரையிலிருந்து படிக்கட்டு கட்டிக்கொண்டே மேலே போங்கள். அவர் இருக்கும் மட்டத்தைப் படிக்கட்டு எட்டியதும் தானே நடந்து இறங்கிவிடுவார். பட்டறையில் செதுக்காத முழுக் கட்டைகளே இதற்குப் போதும், ஆள் இறங்கிய பிறகு படிக்கட்டைக் கலைத்துப் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கோட்டையில் ஒவ்வொரு உயிரும் முக்கியம் என்று நினைக்கிறவர் இந்த வழியைத்தான் எடுப்பார்.

காட்டைத் தீயிட்டு அழிக்கலாமா?

வேண்டாம். புல்லில் பிடிக்கும் தீ நீங்கள் நினைத்த இடத்தில் நிற்காது. வெளியே மேய்கிற விலங்குகள், கட்டை சுமக்கப் போனவர்கள், வாசலில் கிடக்கும் பொருள்கள் எல்லாம் அதன் வழியில் இருக்கும். எரிந்த தரையும் மண் தரைதான், அதில் மறுபடி முளைக்கும். இவ்வளவு ஆபத்தை எடுத்துக்கொண்டு கிடைப்பது ஒரு சில ஆண்டு வெறுமை மட்டுமே.

வெட்டிய பிறகு கட்டைகள் மலையாகக் குவிகின்றன. என்ன செய்வது?

பெரிய மரம் ஒன்று நிறையக் கட்டை தரும். கிடங்கில் ஒரு கட்டத்துக்கு ஒரு கட்டைதான் வைக்க முடியும். ஒவ்வொரு கட்டையையும் ஒருவர் தனியாகத் தூக்கி வர வேண்டும். வெட்டுவது ஒருவர் வேலை, சுமப்பது ஊர் முழுவதற்குமான வேலை. ஒரே நாளில் வரைபடம் முழுவதையும் குறித்துவிட்டால் விதைப்பும் சமையலும் நின்றுபோகும் அபாயம் உண்டு. முற்றுகை வந்தால் சுமைக்காரர்கள் எல்லோரும் வெளியே இருப்பார்கள். அதனால் தேவையான பட்டையை மட்டும், பருவத்துக்கு ஒரு பகுதியாகக் குறியுங்கள்.

உடனே தேவைப்படாத கட்டைகளை வெட்டிய இடத்திலேயே விட்டுவிடலாம், அவை மட்கிப் போவதில்லை. மரக் கிடங்கில் இடம் இல்லை என்றால் யாரும் தூக்க ஓட மாட்டார்கள். அதனால் கிடங்கைச் சிறியதாக வைப்பதே ஒரு கட்டுப்பாடு.

செலவழிக்க வேண்டும் என்றால் கரி சுடுங்கள். விறகு உலையில் ஒரு கட்டைக்கு ஒரு கரி. மாக்மா என்ற எரிமலைக் குழம்பின் சூட்டில் இயங்கும் உலை வைத்திருப்பவர்கள் கரி எதற்கு என்று கேட்பார்கள். உருக்கு செய்யும்போது எரிபொருளுக்காக மட்டுமல்ல, சேர்மானமாகவும் கரி வேண்டும். மாக்மா அந்தத் தேவையைத் தீர்க்காது. படையை உருக்குக் கவசத்தில் நிறுத்த நினைப்பவருக்கு மரம் மிஞ்சுவது என்ற பேச்சே வராது. கட்டில், பீப்பாய், பெட்டி, படிக்கட்டு எல்லாம் போக இன்னும் மிஞ்சினால், தூக்குப்பாலத்துக்கு அடியில் குவித்துப் பாலத்தை இறக்கினால் அடியில் உள்ளது அழிந்துபோகும். எனக்கு அது பிடிக்காது, கரியாக்கிச் சேர்த்துவைப்பதே மேல்.

எல்ஃப்கள் கோபித்துக்கொள்வார்களா?

கோபிப்பார்கள். இரண்டு இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று வணிகம். எல்ஃப்களிடம் மரத்தாலான எதையும் நீட்டாதீர்கள். நல்ல கல் சிற்பங்களை மரப்பெட்டியோடு சேர்த்துக் கொடுத்தாலும் அவமதிப்பாகவே எடுத்துக்கொள்வார்கள், மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். காளான் மரமும் அவர்கள் கணக்கில் மரம்தான். தெளிந்த கண்ணாடிப் பொருளும் ஆகாது, அதைச் செய்யச் சேர்க்கும் முத்துச்சாம்பல் மரத்தை எரித்து வருவது. பச்சைக் கண்ணாடியில் அந்தச் சாம்பல் இல்லை, அதைத் தயங்காமல் விற்கலாம்.

இரண்டாவது தூது. நீங்கள் நிறைய மரம் வெட்டுகிறீர்கள் என்று தெரிந்தால், எல்ஃப் தூதர் ஒருவர் வந்து ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் வெட்டாதீர்கள் என்று கேட்பார். ஒப்புக்கொண்டு மீறினால் உறவு கெடும், தொடர்ந்தால் போரில் முடியலாம். மரக் கவசத்தோடு வரும் எல்ஃப் படையைச் சமாளிப்பது கடினமல்ல. ஆனால் அவர்கள் கொண்டுவரும் பழகிய விலங்குகளும் துணிகளும் நின்றுபோவது பெரிய இழப்பு. தரை பாவிய கோட்டைக்கு இங்கே ஒரு நன்மை இருக்கிறது. ஒரு முறை வெட்டி மூடிவிட்டால் அடுத்த ஆண்டு அந்த இடத்தில் வெட்ட மரமே இருக்காது, ஒப்பந்தத்தை மீற வேண்டிய தேவையும் வராது.

ஆண்டுதோறும் நானே குறிக்காமல் தானாக நடக்க வழி உண்டா?

ஆட்டத்துக்குள் இல்லை. டிஎஃப்ஹேக் என்ற இலவச இணைப்பு மென்பொருளில் ஆட்டோசாப் என்ற கருவி உண்டு. கட்டை இருப்புக்குக் கீழ் எல்லை, மேல் எல்லை என இரண்டை நிர்ணயித்துவிட்டால் இருப்பு குறையும்போது தானே மரங்களைக் குறிக்கும். நமக்கு வேண்டியது அதன் இன்னொரு வசதி. மதிலைச் சுற்றியும் வண்டிப் பாதையிலும் ஒரு பர்ரோ வரைந்து, அதற்குள் மரமே நிற்கக் கூடாது என்று சொல்லிவிடலாம். கன்று மரமானதும் வெட்டக் குறிக்கப்பட்டுவிடும். பழம் தரும் மரங்களை விட்டுவைக்கச் சொல்லவும் இடம் உண்டு.

மரமே இல்லாத இடத்தில் குடியேறினால் என்ன?

இடத்தைத் தேர்வு செய்யும்போதே மரங்களின் அடர்த்தி காட்டப்படும். பாலைவனமோ பனிப்பாறையோ எடுத்தால் மேலே தொல்லை இல்லை. குகை திறக்கும் வரை கட்டிலுக்கு மரம் தேட வேண்டும், கட்டிலை வேறு எதிலும் செய்ய முடியாது. புறப்படும்போதே வண்டியில் கட்டைகளை ஏற்றிக்கொள்ளுங்கள். முதல் வணிகரிடமும் மரம் கேட்டுவையுங்கள். புதியவர்களுக்கு இதைவிட மரங்கள் கொஞ்சமாக உள்ள சமவெளியையே சொல்வேன்.

எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டுமா, எதையாவது விட்டுவைக்கலாமா?

வெப்பமான பகுதியில் குடியேறியவர்கள் வெட்டும் முன் ஒவ்வொரு மரத்தின் பெயரையும் பாருங்கள். மா, கொய்யா, பப்பாளி, சீத்தா எல்லாம் இந்த ஆட்டத்தில் உண்டு. பழத்தை அப்படியே உண்ணலாம், மதுவாகவும் வடிக்கலாம். ஒரே வகை மதுவைக் குடித்துச் சலித்துப்போகும் குள்ளர்களுக்குப் பழ மது உற்சாகம் தரும்.

மதிலுக்கு உள்ளே, மதிலிலிருந்து கிளை எட்டாத தூரத்தில் நிற்கும் பழ மரம் நான்கைந்தைத் தேர்ந்தெடுத்து விட்டுவையுங்கள். அவற்றைச் சுற்றிப் பழம் சேகரிக்கும் மண்டலம் குறித்து, தச்சுப் பட்டறையில் இரண்டு மடக்கு ஏணி செய்து வையுங்கள். ஏணி இருந்தால் மரத்தில் ஏறி மாட்டிக்கொள்ளும் ஆபத்து குறையும். அந்த மரங்களின் அடியைத் தவிர முற்றத்தின் மீதித் தரையைப் பாவிவிட்டால், எந்தக் கன்று வளர வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.